கயாக்கில் மீன் பிடிக்கப் போறீங்களா? மிதக்குற கிரிப்புக்குத்தான் என் ஓட்டு

டெர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன், பழைய ரெஜிமா புது ரெஜிமான்னு பார்த்துப் பழகின உங்களுக்கு இந்தத் தலைப்பு கொஞ்சம் விசித்திரமா இருக்கலாம். ஆனா பட்ஜெட் போட்டுக் கொடுங்கன்னு என்கிட்ட வர்ற சம்பளக்காரங்க கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தா, பெரிய ஓட்டை வாடகையிலயும் இஎம்ஐயிலயும் இல்லை. பொழுதுபோக்குக்குன்னு வாங்கின சின்னச் சின்னச் சாமான்களில் இருக்கு. முன்னாடி சைக்கிள், அப்புறம் கேமரா லென்ஸ். இப்போ ஈசிஆர் பக்கம் சனிக்கிழமை விடிகாலையில் துடுப்பு போடப் போற கூட்டம் அதிகமாகிட்டு இருக்கு. அதில் பாதிப் பேர் சீக்கிரமே ஒரு தூண்டிலையும் கையில் எடுத்துடுறாங்க.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். அதனால இதை வெளியிலிருந்து குறை சொல்றவனா எழுதலை.

கயாக், துடுப்பு, தூண்டில் எல்லாம் வாங்கின பிறகு எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஃபிஷ் கிரிப். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பிடிபட்ட மீனோட கீழ்த்தாடையைக் கவ்விப் பிடிக்கிற, இடுக்கி மாதிரியான ஒரு கருவி. இதில் சில நூறு ரூபாயில் ஆரம்பிச்சு பத்தாயிரத்தைத் தாண்டுற வரைக்கும் சரக்கு இருக்கு. "ஒரு தடவைதானே வாங்கப் போறோம், நல்லதா வாங்கிடுவோம்" என்ற அந்தப் பிரபலமான வசனம் இங்கேதான் வரும். கயாக்கைப் பொறுத்தவரை அந்த வசனம் தப்பு என்பது என் கருத்து. மிதக்குற பிளாஸ்டிக் கிரிப்பே போதும். விலை குறைவு என்பது ரெண்டாவது காரணம். முதல் காரணம், தண்ணி மேல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுதான் பொருத்தமான கருவி.

முதல்ல, இது தேவைதானா?

நம்ம கரையில் கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போற அண்ணன்மார் கையில் இந்தக் கருவியை நீங்க பார்க்க மாட்டீங்க. அவங்க கைப்பழக்கம் வேற, தூண்டிலும் வேற. கைத்தூண்டிலில் பெரும்பாலும் ஒத்தை முள். நாம வாங்குற பிளாஸ்டிக் மீன் இருக்கே, லூர், அதில் மூணு முனை உள்ள ட்ரெபிள் ஹூக் ஒண்ணோ ரெண்டோ தொங்கும். மீன் வாயில் ஒரு முனை மாட்டியிருக்கும்போது மிச்ச முனைகள் எல்லாம் உங்க விரலைத் தேடிக்கிட்டு இருக்கும். மீன் ஒரு உதறு உதறினால் போதும், முள் உங்க கையில் ஏறிடும். அது வெளியே வராதபடி பின்னோக்கி ஒரு சின்னக் கொக்கி வேற இருக்கு. ஒரு பக்கம் உங்க விரல், இன்னொரு பக்கம் இன்னும் துடிச்சுக்கிட்டே இருக்கிற மீன், கீழே ஆடுற கயாக், கரை அரை கிலோமீட்டர் தூரத்தில். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

முள் மட்டும் பிரச்சினை இல்லை. நம்ம ஊர் மீன்களும் சாதுவான ஆளுங்க இல்லை. கொடுவா மீனோட செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குறேன்னு போனால் விரல் கிழியும். பாறை மீனுக்கு வால் பக்கம் ரம்பம் மாதிரி செதில் வரிசை. சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல். நன்னீர்ல விரால் பிடிக்கிறவங்களுக்கும் அந்தப் பல் தெரியும். கெளுத்திக்கு முதுகிலும் பக்கவாட்டுத் துடுப்பிலும் விஷ முள். கையை மீன் வாயிலிருந்து ஓரடி தள்ளி வைக்கிற எந்தக் கருவியும் அந்த அளவுக்கு உபயோகம்தான்.

இங்க ஒரு பண விஷயம் இருக்கு, பலர் யோசிக்கிறதில்லை. ஆபீஸ்ல கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு தைரியமா இருப்பீங்க. விரலில் ஏறின முள்ளைக் கிளினிக்கில் வெட்டி எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புறது ஓபி சிகிச்சை. உங்க பாலிசியில் ஓபிக்குத் தனியா கவர் இல்லைன்னா அந்தச் செலவு முழுக்க உங்க பாக்கெட்தான். அட்மிட் ஆகிற அளவுக்குப் போனால்? ஐஆர்டிஏஐ வகுத்திருக்கிற பொது விலக்குகளில் சாகச விளையாட்டுக்கு ஒரு பிரிவு இருக்கு. அது, அந்த விளையாட்டைத் தொழில்முறையா செய்றவங்களுக்கு வர்ற காயத்தைத்தான் விலக்குது. வார இறுதியில் துடுப்பு போடுற நீங்க அதில் வர மாட்டீங்க. ஆனா தனியா எடுத்த விபத்துக் காப்பீட்டின் வாசகம் வேற மாதிரி இருக்கலாம், அந்தப் பக்கத்தை ஒரு தடவை எடுத்துப் படிச்சிடுங்க. இதையெல்லாம் விட, கீபோர்டுதான் உங்க சம்பளம். ஆள்காட்டி விரலில் தையல் போட்டுக்கிட்டு திங்கட்கிழமை உட்கார்றதுக்கு எந்தப் பாலிசியிலும் க்ளெய்ம் கிடையாது.

அதனால கிரிப் தேவையான்னு கேட்டால், லூர் போடுறவங்களுக்குத் தேவை என்றுதான் சொல்வேன். ஒத்தை முள்ளில் இறால் கோத்துப் போட்டு உள்ளங்கை அளவு ஜிலேபி பிடிக்கிறவங்களுக்கு ஒரு ஈரத் துண்டும் ஒரு நீள மூக்குப் பிளையரும் போதும். அந்தக் காசை எஸ்ஐபில போடுங்கன்னு சொல்ல மாட்டேன், பிரியாணி சாப்பிடுங்க.

சந்தையில் இருக்கிற மூணு ரகம்

ஒண்ணு, பிளாஸ்டிக். கத்தரிக்கோல் இல்லன்னா இடுக்கி வடிவம். கைப்பிடியை அழுத்தினால் தாடை கவ்வும், சிலதில் அப்படியே பூட்டிக்கும். எடை கிட்டத்தட்ட இல்லை, நல்ல மாடல்கள் தண்ணியில் மிதக்கும். ரெண்டு, அலுமினியம். துப்பாக்கி மாதிரி ட்ரிகர் இருக்கும், அதை இழுத்தால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். பார்க்க அழகா, நீலம் சிவப்புன்னு கலர் கலரா இருக்கும். மூணு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை, உள்ளேயே தராசு. இதில் பேர் போனது அமெரிக்காவின் போகா கிரிப். 15, 30, 60 பவுண்டு அளவுகளில் வருது. மீன் எவ்வளவு கனமா தொங்குதோ அவ்வளவு இறுக்கமா பிடிக்கும், தலைப்பகுதி சுழலும். மீன் முறுக்கினாலும் உங்க மணிக்கட்டு முறுக்காது. இன்டர்நேஷனல் கேம் ஃபிஷ் அசோசியேஷனில் சாதனை எடை பதிவு பண்ண ஆசைப்படுறவங்க, அந்தத் தராசுக்குச் சான்று வாங்கியே பயன்படுத்துறாங்க. கருவியா பார்த்தால் அருமையான கருவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா அது படகுக்கும் கரைக்கும் பொருத்தமான கருவி. படகில் கிரிப் கை தவறினால் தளத்தில் விழும். கரையில் விழுந்தால் மணலில் கிடக்கும். கயாக்கில் உங்க மடியைத் தவிர எல்லாப் பக்கமும் தண்ணி. ஒரு கையில் தூண்டில், இன்னொரு கையில் கிரிப், காலுக்கு நடுவில் துடுப்பு, முன்னாடி வாலை அடிக்கிற மீன். இந்த நிலைமையில் ஏதோ ஒண்ணு தண்ணிக்குப் போகும். அது எது என்பதுதான் கேள்வி. ஸ்டீல் என்றால் போன வேகத்தில் அடியில். என்கூட வர்ற நண்பர் ஒருத்தர் காயல்ல ஒரு ட்ரிகர் கிரிப்பை அப்படி விட்டார். ஆழம் அதிகமில்லை, இடுப்பளவுதான் இருக்கும். ஆனா அடியில் சேறு. பத்து நிமிஷம் துடுப்பை விட்டுத் துழாவினதில் அவருக்குக் கிடைச்சது ஒரு செருப்பு.

தொலைஞ்சு போறதைக்கூடப் பொறுத்துக்கலாம். கை தவறின பொருளைப் பிடிக்க உடம்பு தானாகவே ஒரு பக்கம் சாயும் பாருங்க, அதுதான் ஆபத்து. கயாக் கவிழ்றதுக்கு அந்த ஒரு எட்டு போதும். பத்தாயிரம் ரூபாய் பொருள் மூழ்கும்போது நீங்க எட்டாம இருப்பீங்களா? மிதக்குற 600 ரூபாய் பொருளுக்கு அவசரமே இல்லை. நிதானமா துடுப்பு போட்டுப் போய் எடுத்துக்கலாம். அதனாலதான் ஆரஞ்சு, மஞ்சள் மாதிரி பளிச்சுன்னு தெரியுற கலர் வாங்கச் சொல்றேன். தண்ணி நிறத்திலேயே மிதக்குற கிரிப்பைக் கண்டுபிடிக்கிறதும் ஒரு பாடுதான்.

"கயிறு கட்டிக்கலாமே சார்"னு உடனே கேட்பீங்க. கட்டலாம், சுருள் லீஷ் மலிவாவே கிடைக்கும். ஆனா தூண்டிலுக்கு ஒரு கயிறு, துடுப்புக்கு ஒரு கயிறு, பிளையருக்கு ஒண்ணு, கிரிப்புக்கு ஒண்ணுன்னு கட்டினால், கயாக் கவிழ்ற நாளில் அத்தனையும் உங்க காலைச் சுத்தும். மூழ்குற பொருளுக்குக் கயிறு கட்டாயம். மிதக்குற பொருளுக்கு அது விருப்பம். ஒரு கயிறு குறைஞ்சாலும் நல்லதுதான். எப்படிக் கட்டினாலும் கயாக்கில் கட்டுங்க, மணிக்கட்டில் வேண்டாம். மறுமுனையில் முள்ளோட ஒரு மீன் இருக்கு என்பதை மறந்துடாதீங்க.

இப்போ என் வேலையைக் கொஞ்சம் பார்க்கிறேன்

வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை நேரமான அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் கடல் கொந்தளிப்பா இருக்கும், அந்த 13-ஐக் கழிங்க. ரிலீஸ் வீக்கெண்டு, கல்யாணம், காய்ச்சல், அலாரம் அடிச்சும் எழுந்திருக்காத நாள் எல்லாத்தையும் கழிச்சா, ஆர்வமா போற ஆளுக்கே 20 தடவை தேறினால் பெரிசு. ரெண்டு வருஷத்துக்கு 40 தடவைன்னு வெச்சுக்குவோம்.

ஒரு பேச்சுக்கு விலை வெச்சுக்கலாம்: பிளாஸ்டிக் 600, அலுமினியம் 2,500, இறக்குமதி ஸ்டீல் 12,000. பிளாஸ்டிக்குக்கு ஒரு தடவைக்கு ஆகிற செலவு 15 ரூபாய். அலுமினியம் ரெண்டு வருஷம் தொலையாம இருந்தால் 62 ரூபாய் 50 பைசா, ஒரு தடவை தொலைஞ்சு திரும்ப வாங்கினால் 125 ரூபாய். ஸ்டீல் தொலையாமலே இருந்தால்கூட 300 ரூபாய். ஸ்டீல் பத்து வருஷம் உழைக்குமே என்ற வாதம் சரிதான், அது பத்து வருஷமும் தண்ணிக்கு மேலேயே இருந்தால். "நல்ல பொருள் நீண்ட நாள் உழைக்கும்" என்ற கணக்கு, பொருள் தேய்ஞ்சு அழியுற இடத்துக்குத்தான் பொருந்தும். கயாக்கில் சாமான் தேய்ஞ்சு போறதை விட மூழ்கிப் போறது அதிகம். மூழ்குற இடத்தில் தரத்துக்குக் கொடுக்கிற கூடுதல் காசு, கூடுதல் நஷ்டம்.

இன்னொரு கணக்கு. இந்தச் செலவுக்கு எந்த வரிவிலக்கும் கிடையாது, வரி கட்டின பிறகு கையில் நிற்கிற பணத்தில்தான் வாங்குறீங்க. 2025-26 புது ரெஜிமில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீத ஸ்லாபில் இருக்கிறவர், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் கட்டுறார். அவர் 12,000 ரூபாய் கிரிப் வாங்க சுமார் 17,440 ரூபாய் சம்பாதிக்கணும். 20 சதவீத ஸ்லாபில் இருக்கிறவருக்கு சுமார் 15,150. சம்பளம் மட்டும் வருமானமா இருந்து, 12.75 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை, உங்களுக்கு 12,000 என்பது 12,000தான். ஆனா அந்தச் சம்பளத்தில் ஒரு கிரிப்புக்கு 12,000 என்பது வேற விதமான பிரச்சினை.

வெளிநாட்டுத் தளத்தில் நேரா ஆர்டர் போட்டு "அங்க டாலர் விலை கம்மி"ன்னு சொல்றவங்களுக்கு: ஷிப்பிங், சுங்க வரி, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, கூரியர் கம்பெனியோட கையாளும் கட்டணம், கார்டில் ஃபாரெக்ஸ் மார்க்அப், அந்த மார்க்அப் மேல ஜிஎஸ்டி. இத்தனையும் கூட்டின பிறகு திரும்ப விலையைப் பாருங்க. அப்புறம் அந்த "நோ காஸ்ட் இஎம்ஐ". வட்டியைத் தள்ளுபடியா திருப்பிக் கொடுத்தாலும், அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும், பல பேங்குகளில் ப்ராசஸிங் ஃபீயும் உங்க தலையில்தான். பொழுதுபோக்குச் சாமானை இஎம்ஐயில் வாங்காதீங்கன்னு நான் வீடியோவில் கத்துறதுக்குக் காரணம் இந்தச் சில்லறை இல்லை. கிரிப் தண்ணிக்குள்ள போன பிறகும் இஎம்ஐ மட்டும் மிதந்துக்கிட்டே இருக்கும்.

அலுமினியத்தை நான் ஏன் நடுவில் விட்டுட்டேன்னு கேட்கலாம். எனக்கு மூணிலும் பிடிக்காத ரகம் அதுதான். நன்னீர் ஏரியில் ஓகே. உப்புத் தண்ணியில் அலுமினிய உடம்பும் ஸ்டீல் ஸ்பிரிங், ஸ்டீல் பின்னும் ஒட்டி உரசிக்கிட்டு இருந்தால், அந்த இணைப்பில் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளையா பொடி மாதிரி படியும், ட்ரிகர் இறுகும். மீன் தொங்கிக்கிட்டு இருக்கும்போது ட்ரிகர் திறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? மூழ்குறதில் ஸ்டீல் மாதிரி, உழைக்கிறதில் பிளாஸ்டிக்கை விட மோசம். அதோட வர்ற டிஜிட்டல் தராசு பத்திப் பேசவே வேண்டாம். உப்புக் காத்துக்கும் பேட்டரிக்கும் ஒத்துப் போகாது. எடை பார்த்தே ஆகணும்னா கரைக்கு வந்து, பழைய பேப்பர்காரர் வெச்சிருக்கிற மாதிரி ஒரு கொக்கித் தராசில் மாட்டிப் பாருங்க.

மீன் பக்கம் நின்னும் ஒரு வார்த்தை. பிடிச்சுட்டு விட்டுடுறவங்க நிறைய பேர் கிரிப்பில் தாடையைக் கவ்வி, செங்குத்தா தொங்க விட்டு, போட்டோ எடுத்து, ரீல் போட்டு, அப்புறம் தண்ணியில் விடுறாங்க. கொடுவா மீனை வெச்சே இதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்காங்க. உலோக கிரிப் வாயின் அடிச் சவ்வில் ஓட்டை போட்டிருக்கு. கிரிப் என்பது மீனை அசையாம பிடிக்க, தூக்கித் தொங்கவிட இல்லை. ஒரு கை கிரிப்பில், இன்னொரு ஈரக் கை வயித்துக்குக் கீழே. முடிஞ்சால் மீன் தண்ணியில் இருக்கும்போதே முள்ளைக் கழட்டி விட்டுடுங்க. அகலமான, மழுங்கின முனை உள்ள பிளாஸ்டிக் தாடை இதுக்கும் தோதா இருக்கும். வீட்டுக்குக் கொண்டு போற மீன்னா இந்தக் கவலை இல்லை.

சில மீனுக்கு கிரிப்பே எடுக்கக் கூடாது. திருக்கை மாட்டினால் வால் பக்கம் முள் இருக்கு, அதை மடிக்குக் கொண்டு வராதீங்க. லைனை வெட்டி விட்டுடுங்க. லூர் போனால் போகட்டும். பேத்தைக்குப் பல் பலம் அதிகம், அதோட சாப்பிடவும் கூடாது. அதையும் தூரத்திலேயே அனுப்பிடுங்க.

சரி, பிளாஸ்டிக் வாங்குறதுன்னு முடிவு பண்ணினால் எதைப் பார்க்கணும்? கடைக்குப் போங்க, ஆன்லைன் ரெண்டாம்பட்சம். ஒரு கையால் திறந்து மூட முடியுதான்னு பாருங்க, அதுவும் இடது கையால், ஏன்னா வலது கை தூண்டிலில் இருக்கும். கைப்பிடிக்குள் விரல் முழுசா நுழையணும், கை ஈரமா இருந்தாலும் வழுக்கக் கூடாது. பூட்டு இருந்தால் அது தானா திறக்குதான்னு உதறிப் பாருங்க. தாடை ரெண்டும் நேர் நேரா சந்திக்கணும். உள்ளே உலோக ஸ்பிரிங் இருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸான்னு கேளுங்க. உப்புத் தண்ணிக்கு 304-ஐ விட 316 தாங்கும். "மிதக்கும்"னு அட்டையில் போட்டிருப்பதை நம்பாம வீட்டு பக்கெட்டில் போட்டுப் பாருங்க. மூழ்கினால் அன்னைக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

மிச்சப் பணம் எங்கே போகணும்னு எனக்கு ஒரு வரிசை இருக்கு, அதில் கிரிப் முதலில் வராது. முதல்ல உடம்புக்குச் சரியா பொருந்துற லைஃப் ஜாக்கெட், அதில் ஒரு விசில். வாடகைக் கயாக்கோட கொடுக்கிற, தோளில் லொடலொடன்னு தொங்குறது இல்லை, உங்க அளவுக்கு வாங்கினது. தோள்பட்டையைப் பிடிச்சு மேலே இழுத்தால் அது காது வரைக்கும் ஏறக் கூடாது. அடுத்து நீள மூக்குப் பிளையர். அதோட ட்ரெபிள் ஹூக்கையே வெட்டுற ஒரு கட்டிங் பிளையர். கையில் முள் ஏறிட்டால் லூரையும் மீனையும் உங்ககிட்டேயிருந்து பிரிச்சு, கரைக்குத் துடுப்பு போட்டு வர உதவுறது அதுதான், கிரிப் இல்லை. அதுக்குப் பிறகுதான் 600 ரூபாய் ஆரஞ்சு கிரிப். இவ்வளவும் வாங்கியும் பலருக்கு ஸ்டீல் கிரிப்பின் விலையில் பணம் மிச்சம் இருக்கும்.

ஏற்கனவே ஸ்டீல் வாங்கிட்டவங்க அதை விற்க வேண்டாம். ஒரு துண்டு நூடுல் ஃபோமைக் கைப்பிடியில் கட்டி, பக்கெட்டில் போட்டு மிதக்குதான்னு பாருங்க. மிதக்கலைன்னா லீஷ் மாட்டி, கயாக்கோட சேர்த்துக் கட்டுங்க. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, ஸ்பிரிங் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நிழலில் காய வையுங்க.